திரையில் வராத நிமிடங்கள்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அச்சுக்காகச் சற்றே செம்மைப்படுத்தப்பட்டது.)

இந்த நேரத்தில் உங்களில் சிலருக்குக் காலைக் காப்பி, சிலருக்கு இரவுச் சாப்பாடு. வெவ்வேறு நாடுகளிலிருந்து இணைந்திருக்கிறீர்கள்.

கடலடிப் படப்பிடிப்பின் வரலாற்றைப் பேச ஒரு செவிலியர் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் படித்தது நர்சிங் டிப்ளோமா. கடலுயிரியலோ திரைப்படக் கலையோ படித்ததில்லை. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். யாரைப் பார்த்தாலும் முதலில் மூச்சைக் கவனிப்போம். நிமிடத்துக்கு எத்தனை, ஆழமாக இழுக்கிறாரா, மேலோட்டமாக இழுக்கிறாரா என்று கண் தானாக எண்ண ஆரம்பித்துவிடும். கடல் ஆவணப்படம் பார்க்கும்போதும் எனக்கு இதுதான் நடக்கிறது. திரையில் ஒரு திருக்கை சிறகு விரித்துப் போகும். பின்னணியில் இசை பொங்கும். நான் யோசிப்பது கேமராவுக்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பற்றி. அவர் எதைச் சுவாசிக்கிறார்? எத்தனை நிமிடமாக உள்ளே இருக்கிறார்? எப்படி மேலே வரப்போகிறார்?

இந்த மூன்றாவது கேள்விதான் இன்றைய உரையின் மையம். கடலுக்குள் இறங்கும் கருவிகளை மனிதர்கள் விரைவாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். பத்திரமாக ஏறி வருவது எப்படி என்ற அறிவு அப்படி வரவில்லை. அது மெதுவாக, பல உடல்களை விலையாகக் கொடுத்து வந்தது. கடலடி ஒளிப்பதிவின் வரலாற்றைக் கேமராக்களின் வரலாறாக எழுதுவது வழக்கம். நான் அதை ஏறி வருவதின் வரலாறாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரே மூச்சு

கேமரா வருவதற்கு வெகுகாலம் முன்பே கடலடியைக் கண்ணால் கண்டவர்கள் நம்மிடம் இருந்தார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள். காலில் கல்லைக் கட்டி விரைவாக இறங்குவார்கள். ஒரே மூச்சில் சிப்பிகளை அள்ளிக் கூடையில் போடுவார்கள். கயிற்றை அசைத்தால் தோணியில் இருப்பவர் இழுப்பார். சுறா கடிக்காமல் இருக்க மந்திரம் சொல்லிக் கடலைக் 'கட்ட'க் கடல்கட்டிகள் என்றே ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் இல்லாமல் குளியாட்கள் கடலில் இறங்க மறுத்ததை ஆங்கில அதிகாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒரு மூச்சு என்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் அவர்கள் எதைப் பார்த்தார்களோ அது அவர்களோடு போய்விட்டது. அவர்கள் சிப்பியைக் கொண்டுவந்தார்கள். காட்சியைக் கொண்டுவர வழி இருக்கவில்லை.

காட்சியைக் கொண்டுவரும் முதல் முயற்சியில் மனிதர் இறங்கவே இல்லை. 1856-இல் இங்கிலாந்தின் வேமத் விரிகுடாவில் வில்லியம் தாம்சன் என்ற வழக்கறிஞர், ஒரு பெட்டிக்குள் கேமராவை வைத்துப் படகிலிருந்து நீருக்குள் இறக்கினார். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆனாலும் கண்ணாடித் தகட்டில் மங்கலாகப் பாறையும் பாசியும் பதிந்தன.

ஆளும் கேமராவும் சேர்ந்து இறங்கியது 1893-இல். பிரான்சின் தென்கோடியில் பன்யூல்ஸ் என்ற கடற்கரை ஊரில் ஆரகோ ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே லூயி பூத்தான் என்ற உயிரியலாளர் செப்புத் தலைக்கவசமும் ஈயக் காலணியும் அணிந்து இறங்கினார். அவருடைய தம்பியோ அண்ணனோ என்று கேட்காதீர்கள், சகோதரர் ஓகுஸ்த் வடிவமைத்த நீர்புகாப் பெட்டிக்குள் கேமரா இருந்தது. ஒரு படத்துக்கு அரைமணி நேரம் வரைகூட லென்ஸைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அதுவரை அவர் கடலடியில் காத்திருக்க வேண்டும். பிறகு வெளிச்சத்துக்காக ஒரு பெரிய பீப்பாயில் ஆக்சிஜனை நிரப்பி, அதன்மேல் கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கை ஏற்றி, மக்னீசியத் தூளை அதன் சுடரில் ஊதி எரியவைத்தார்கள். ஒரு மின்னல் வெளிச்சத்துக்கு ஒரு பீப்பாய்! இன்று உள்ளங்கையில் அடங்கும் எல்.இ.டி. விளக்கின் பாட்டன் அந்தப் பீப்பாய்.

திரைப்படம் அடுத்து வந்தது. அமெரிக்காவின் ஜான் எர்னஸ்ட் வில்லியம்சன் வேறொரு வழியைத் தேர்ந்தார். அவருடைய தந்தை ஒரு கப்பல் கேப்டன். ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இரும்பு வளையங்களால் ஆன, வளையக்கூடிய குழாய் ஒன்றை அவர் உருவாக்கியிருந்தார். மகன் அதன் அடிமுனையில் தடித்த கண்ணாடிச் சன்னல் வைத்த எஃகு அறையைப் பொருத்தினார். கேமராக்காரர் கப்பலிலிருந்து குழாய் வழியாக இறங்கி, வேட்டி நனையாமல் உட்கார்ந்து கடலைப் படமெடுக்கலாம். 1914-இல் பஹாமாஸ் தீவுகளில் இப்படித்தான் முதல் கடலடித் திரைப்படம் எடுக்கப்பட்டது. அதில் பரபரப்புக்காக வில்லியம்சனே கத்தியோடு நீரில் குதித்து ஒரு சுறாவைக் கொன்றார். 1916-இல் ஜூல் வெர்னின் நாவலை யுனிவர்சல் நிறுவனம் படமாக்கியபோதும் இதே குழாய்தான் பயன்பட்டது.

வில்லியம்சனின் அறைக்குள் காற்று கப்பல் மேல்தளத்துக் காற்றுதான். அழுத்தம் ஏறாது. அதனால் ஏறி வரும்போது உடலுக்கு ஆபத்து இல்லை. ஆனால் கேமரா ஒரு சன்னலோரப் பயணி போல. மீனின் பின்னால் அதனால் போக முடியாது.

ஆடுகள் சொல்லிக்கொடுத்த பாடம்

இங்கே கொஞ்சம் மருத்துவம். பயப்பட வேண்டாம், தேர்வு கிடையாது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் நம்மேல் நான்கு மடங்கு அழுத்தம். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்புத் திசுக்களிலும் கரைகிறது. கீழே இருக்கும்வரை தொந்தரவு இல்லை. வேகமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்தது போலத்தான். கரைந்த வாயு குமிழ்களாகிறது. மூட்டில் குமிழ் வந்தால் தாங்க முடியாத வலி. தண்டுவடத்தில் வந்தால் கால்கள் மரத்துப் போகும், சிறுநீர் பிரியாது. மூளையிலோ நுரையீரலிலோ வந்தால் உயிருக்கே ஆபத்து.

பாலங்களுக்கு அடித்தளம் தோண்ட, அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் வேலை செய்த தொழிலாளர்களிடம்தான் இந்த நோய் பெருவாரியாக முதலில் தெரிந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-இல் இதில் நொடிந்து, பல ஆண்டுகள் வீட்டுச் சன்னலிலிருந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலியில் வளைந்து நடந்ததால் இதற்கு 'பெண்ட்ஸ்' என்று பெயர் வந்தது.

1878-இல் பால் பேர் என்ற பிரெஞ்சு உடலியங்கியலாளர் காரணம் நைட்ரஜன் குமிழ்கள் என்று நிறுவினார். உயர் அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனும் நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும் என்று சொன்னவரும் அவரே. பிறகு பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்தார். ஆடு முன்னங்காலை மடக்கித் தூக்கினால் அதற்கு மூட்டு வலி என்று பொருள். பேசத் தெரியாத நோயாளியிடம் வலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எங்களுக்கு இன்றும் சொல்லித்தருகிறார்கள். அதையேதான் அவர் ஆட்டுக் கொட்டிலில் செய்திருக்கிறார். 1908-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட அட்டவணைதான் உலகின் முதல் நம்பகமான ஏறுமுறை. ஒரே மூச்சில் ஏறாதே, இன்ன ஆழத்தில் இத்தனை நிமிடம் நில், பிறகு அடுத்த படிக்கு வா. மாடிப்படி ஏறும் வயதானவர் போல.

கேமராவோடு நீந்தப் போகிற மனிதர்களுக்கான பாடம் இப்படி முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் பாடத்தைப் படித்துவிட்டா எல்லோரும் இறங்குகிறார்கள்?

மீனைப் போல நீந்த

அடுத்த பெரிய பாய்ச்சலுக்கு இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும். இருவரில் ஒருவரைத்தான் உலகம் அதிகம் நினைவில் வைத்திருக்கிறது.

ஹான்ஸ் ஹாஸ் வியன்னாக்காரர். இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939-இல் கரீபியன் கடலில் நண்பர்களோடு மூச்சடக்கி மூழ்கிப் படமெடுத்தார். 1942-இல் அவருடைய முதல் கடலடிப் படம் வெளியானது. பிறகு அவர் எடுத்துக்கொண்ட கருவி ஓர் ஆக்சிஜன் சுழற்சிக் கருவி. வெளிவிடும் மூச்சு ஒரு பையில் சேரும். அதிலுள்ள கரியமில வாயுவைச் சோடா லைம் மணிகள் உறிஞ்சும். மீதியோடு ஆக்சிஜன் சேர்ந்து மறுபடி வாய்க்கு வரும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அறுவை அரங்கில் மயக்க மருந்து இயந்திரத்தின் பக்கவாட்டில் வெள்ளை மணிகள் நிரம்பிய ஒரு குடுவை இருக்கும். மணிகள் நிறம் மாறினால் மாற்ற வேண்டும். அதுவும் இதே சோடா லைம்தான். ஹாஸ் தன் முதுகில் அறுவை அரங்கின் ஒரு மூலையைக் கட்டிக்கொண்டு சுறாக்களுக்கு நடுவே போயிருக்கிறார்.

இந்தக் கருவியில் குமிழ் வராது, சத்தம் வராது. மீன்கள் மிரளாது. ஆனால் பால் பேர் எச்சரித்த ஆக்சிஜன் நஞ்சு காத்திருக்கும். சுத்த ஆக்சிஜனோடு 6 மீட்டருக்குக் கீழே போவதை இன்று பயிற்சியாளர்கள் அனுமதிக்க மாட்டார்கள். அவர் அதைவிட ஆழமாகவும் போனார். அவருடைய செங்கடல் படம் 1951-இல் வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது. அதில் அவரோடு நீந்தியவர் மனைவி லோட்டே. பெண்கள் கடலில் இறங்குவதையே வியப்பாகப் பார்த்த காலத்தில் அவர் கேமராவும் பிடித்தார்.

இரண்டாமவர் ழாக் கூஸ்தோ. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1942-இல் அவரும் தோழர்களும் எடுத்த முதல் படம் பதினெட்டு மீட்டர் ஆழத்தைத் தலைப்பில் வைத்திருந்தது. மூச்சுக் கருவியே இல்லாமல், ஒரே மூச்சில் இறங்கி எடுத்த படம். போர்க்காலத்தில் சினிமாச் சுருள் கிடைக்கவில்லை. அதனால் சாதாரணப் புகைப்படச் சுருள்களை வாங்கி, வெளிச்சம் படாமல் போர்வைக்குள் புகுந்துகொண்டு, ஒன்றோடொன்று ஒட்டி நீளமாக்கினார்கள்.

1943-இல் பொறியாளர் எமில் கான்யானோடு சேர்ந்து கூஸ்தோ உருவாக்கிய ரெகுலேட்டர் எல்லாவற்றையும் மாற்றியது. அதன் மூலமும் போர்க்காலப் பற்றாக்குறைதான். பெட்ரோல் கிடைக்காமல் வாயுவில் ஓடிய கார்களுக்காகக் கான்யான் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். மூச்சை இழுத்தால் மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்று தரும்படி அதை மாற்றினார்கள். குழாயும் வேண்டாம், கயிறும் வேண்டாம். முதுகில் சிலிண்டர், கையில் கேமரா. மனிதர் மீனைப் பின்தொடரலாம்.

அதோடு ஒரு பழைய விதியும் தலைகீழானது. முத்துக்குளிப்பவரின் முதல் விதி, மூச்சை அடக்கு. சிலிண்டரோடு இறங்குபவரின் முதல் விதி, மூச்சை அடக்காதே. 10 மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும்.

ஆழத்தில் இன்னொன்றும் காத்திருந்தது. நைட்ரஜனே போதையாகிறது. கூஸ்தோவின் குழுவினர் அதை ஆழத்தின் பரவசம் என்று அழைத்தார்கள். 1947-இல் காற்றுச் சிலிண்டரோடு எவ்வளவு ஆழம் போகலாம் என்று சோதித்தார்கள். இறங்கும் கயிற்றில் இடைவெளி விட்டு எழுத்துப் பலகைகள் கட்டியிருந்தன. எட்டிய பலகையில் கையெழுத்துப் போட வேண்டும். மொரீஸ் ஃபார்க் என்ற அனுபவசாலி இறங்கினார். கயிற்றில் அவருடைய சைகை நின்றது. இழுத்துப் பார்த்தபோது வாய்க்குழாய் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கணக்கில் செயற்கைச் சுவாசம் கொடுத்தும் அவர் திரும்பவில்லை. சுமார் 120 மீட்டர் ஆழத்தில் கட்டியிருந்த பலகையில் அவருடைய கையெழுத்து இருந்தது.

நோயாளி இறந்தபின் குறிப்பேட்டில் கடைசி அளவீடுகளை எழுதி முடிப்பது எங்கள் வேலை. அந்தப் பலகையைப் பற்றி வாசித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. தன் கடைசி அளவீட்டைத் தானே எழுதிவிட்டுப் போனவர் அவர்.

முப்பது மீட்டரின் கணக்கு

இப்போது ஒளிப்பதிவாளரின் பையைத் திறந்து பார்ப்போம். அவருடைய தொழிலே ஒரு கணக்கு.

12 லிட்டர் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்தால் 2400 லிட்டர். நிதானமாக நீந்துபவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரம் வரும். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு, அதனால் செலவும் நான்கு மடங்கு. அரைமணி நேரம். கால்பங்கைச் சேமிப்பாக ஒதுக்கினால் இருபத்திரண்டு நிமிடம். நிற்காமல் நேராக ஏறக்கூடிய நேர வரம்பும் அந்த ஆழத்தில் ஏறக்குறைய 20 நிமிடம்தான்.

பழைய காலத்தில் சுருள் அதைவிடக் குறைவு. 16 மி.மீ. சுருள் 100 அடி என்றால் மூன்று நிமிடம்கூட ஓடாது. 400 அடி என்றால் பதினொரு நிமிடம். நீருக்குள் பெட்டியைத் திறந்து சுருள் மாற்ற முடியாது. ஆகவே மூன்று நிமிடப் படத்துக்கு ஒரு முழுக்கு. அடுத்த முழுக்குக்குள் உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேறப் படகில் காத்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்துமுன் பத்து முறை யோசிக்கும் கண் அப்படித்தான் உருவானது.

வெளிச்சம் அடுத்த சிக்கல். நீர் சிவப்பை முதலில் விழுங்கும். முதல் சில மீட்டர்களிலேயே சிவப்பு மங்கும், பிறகு ஆரஞ்சு, மஞ்சள். கூஸ்தோவின் தோழர் ஃப்ரெதெரிக் துமா ஆழத்தில் ஒரு மீனை ஈட்டியால் குத்தியபோது பச்சை நிற இரத்தம் வழிந்தது. மேலே வர வரப் பழுப்பாகி, மேற்பரப்பில் சிவந்தது. நாள் முழுக்க இரத்தத்தின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும் எனக்கு இது ஒரு கெட்ட கனவு போல இருக்கிறது. அதனால்தான் ஒளிப்பதிவாளர் தன் சூரியனைத் தானே சுமந்து போகிறார். விளக்கைக் கேமராவுக்கு மிக அருகில் வைத்தால் நீரில் மிதக்கும் துகள்கள் பனிமழை போல ஒளிரும். ஆகவே நீண்ட கைகளில் பக்கவாட்டில் பொருத்துவார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஹரால்ட் எட்கர்டன் 1950-களில் கூஸ்தோவின் கலிப்சோ கப்பலுக்குத் தன் மின்னல் விளக்குகளைக் கொண்டுபோனார். மாலுமிகள் அவரைப் 'பாப்பா ஃபிளாஷ்' என்று கூப்பிட்டார்கள்.

பெட்டியின் கண்ணாடி தட்டையாக இருந்தால் எல்லாம் கால்பங்கு அருகிலும் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும் தெரியும். பார்வைக் கோணமும் சுருங்கும். அதற்காகக் குவிமாடம் போன்ற கண்ணாடி வந்தது. பெட்டி மூழ்கவும் கூடாது, மிதக்கவும் கூடாது. கையை எடுத்தால் இருந்த இடத்தில் நிற்க வேண்டும். காட்சி ஆடாமல் இருப்பதன் ரகசியம் கையில் பாதி, நுரையீரலில் பாதி. மூச்சை இழுத்தால் உடல் உயரும், விட்டால் தாழும். நல்ல ஒளிப்பதிவாளர் தன் மூச்சாலேயே கேமராவை ஏற்றி இறக்குகிறார்.

கொன்றவர்கள் காத்தார்கள்

1956-இல் கூஸ்தோவும் இளைஞர் லூயி மாலும் இயக்கிய 'மௌன உலகம்' கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்றது. அடுத்து ஆஸ்கரும். தீப்பந்தங்களோடு குமிழ் பறக்க நீந்தி இறங்கும் அதன் தொடக்கக் காட்சி இன்றும் சிலிர்க்க வைக்கும்.

அதே படத்தில் இன்று பார்க்க முடியாத காட்சிகளும் உண்டு. மீன்களை எண்ணுவதற்காகப் பவளப்பாறையில் வெடி வைக்கிறார்கள். கப்பலின் விசிறியில் ஒரு திமிங்கிலக் குட்டி அடிபடுகிறது. அதைச் சுட்டுக் கொல்கிறார்கள். இரத்தத்துக்கு வந்த சுறாக்களைக் கொக்கியால் இழுத்து மேல்தளத்தில் போட்டு அடித்து வெட்டுகிறார்கள். கேமரா எதையும் மறைக்கவில்லை. ஏனென்றால் அன்று அது யாருக்கும் மறைக்க வேண்டியதாகத் தோன்றவில்லை.

ஆனால் அதே கூஸ்தோ 1960-இல் மத்தியதரைக் கடலில் அணுக்கழிவு கொட்டுவதை எதிர்த்து நின்றார். கடலைக் காப்பதற்கென 1973-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவின் ரான், வேலரி டெய்லர் தம்பதியின் கதையும் இதே தடத்தில் போகிறது. இருவரும் ஈட்டி மீன்பிடிப்பில் சாம்பியன்கள். 1965-இல் ரான் உலகப் பட்டம் வென்றவர். பிறகு ஈட்டியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார்கள். 1971-இல் வெளிவந்த ஒரு படத்துக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடலில், திமிங்கிலப் பிணத்தைத் தின்னும் சுறாக் கூட்டத்தின் நடுவே, கூண்டை விட்டு வெளியே வந்து படமெடுத்தார்கள். 'ஜாஸ்' படத்தின் நிஜச் சுறாக் காட்சிகள் இவர்கள் எடுத்தவை. அந்தப் படம் உலகத்துக்குச் சுறாப் பயத்தைப் பரப்பியது. அதன்பின் சுறாக்களைக் காப்பாற்றச் சொல்லி வேலரி வாழ்நாளெல்லாம் பேசினார். 1984-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் ஒரு சுறா இனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு தந்தது. உலகில் எந்தச் சுறாவுக்கும் கிடைத்த முதல் பாதுகாப்பு அது. அந்தச் சுறாவின் பெயர் கிரே நர்ஸ். எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

நீண்ட நேரம் பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கு மனம் மாறும் என்பது எங்கள் வார்டிலும் நான் கண்ட உண்மை. முறைத்துக்கொண்டே இருக்கும் நோயாளியின் பக்கத்தில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்துவிட்டால் அவர்மேல் கோபம் நிற்காது. கடலடியில் அந்த நேரத்தைத் தந்தது காற்றுச் சிலிண்டர்.

திருக்கோணமலையின் கற்கள்

இந்த வரலாறு நம் கரைக்கும் வந்தது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956-இல் இலங்கைக்குக் குடிவந்தது கடலுக்காக. கூட வந்தவர் மைக் வில்சன், கடலடிப் படப்பிடிப்பாளர். இலங்கையரான ராட்னி ஜான்க்லாஸ் அவர்களோடு சேர்ந்தார். திருக்கோணமலையில் சுவாமிப் பாறைக்குக் கீழே மூழ்கியபோது, செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டு படமெடுத்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் இடித்த கோணேசர் கோயிலின் கற்கள் அவை. நூற்றாண்டுகளாகப் பாட்டிலும் வழக்கிலும் இருந்த ஓர் இழப்புக்கு அன்று புகைப்பட ஆதாரம் கிடைத்தது. நான் கிறிஸ்தவள். அந்தக் கோயிலை இடித்தவர்களும் சிலுவையைச் சுமந்தவர்கள்தான் என்பதை அறிந்தே அந்தப் படங்களைப் பார்க்கிறேன்.

1961-இல் தென்கரையின் கிரேட் பாஸஸ் பாறைத்திட்டில் படமெடுக்கப் போன வில்சன், ஔரங்கசீப் கால வெள்ளி நாணயங்களோடு ஒரு மூழ்கிய கப்பலைக் கண்டார். 1962-இல் அவர் இயக்கிய 'ரன்முத்து தூவ' சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம். கடலடிக் காட்சிகளுக்காகவே அன்று கூட்டம் வந்தது. அதே ஆண்டு கிளார்க்கைப் போலியோ தாக்கியது. பின்னரும் அவர் கடலில் இறங்கினார். நிலத்தில் ஒத்துழைக்காத உடலை நீர் ஏந்திக்கொள்ளும். எங்கள் பிசியோதெரபி நீச்சல் குளத்தில் வாரம்தோறும் நடப்பது அதுதான். வில்சன் பிற்காலத்தில் துறவியாகிச் சுவாமி சிவ கல்கி என்று பெயர் மாற்றிக்கொண்டார்.

கணக்கு மாறியது, உடல் மாறவில்லை

வீடியோ வந்தபின் மூன்று நிமிடச் சுருள் ஒரு மணி நேர நாடாவானது. இப்போது நினைவக அட்டையில் நாள் முழுக்கப் பதியலாம். இருளிலும் பார்க்கும் சென்சார், கையளவு விளக்கு, ஆழத்தையும் நேரத்தையும் நொடிக்கு நொடி கணக்கிடும் கைக்கணினி எல்லாம் வந்துவிட்டன. ஹாஸின் சுழற்சிக் கருவி, ஆக்சிஜன் உணர்விகளோடும் ஹீலியம் கலந்த வாயுவோடும் ரீபிரீதர் என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது. மனிதர் இல்லாமலே கேமரா போகவும் வழி உண்டு. 1985-இல் 3800 மீட்டர் ஆழத்தில் டைட்டானிக்கை முதலில் கண்டது கப்பலிலிருந்து இழுத்துச் சென்ற கேமராதான்.

ஆனாலும் ஆள் இறங்கும் இடத்தில் கணக்கு பழையபடியே. மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே அழுத்தம் ஆறு மடங்கு. சில நிமிடக் காட்சிக்காகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகக் காத்திருந்து ஏற வேண்டும். கேமராவில் இடம் இருக்கிறது, உடலில் இல்லை. சுருளின் வரம்பு போனதும் உடலின் வரம்பு மட்டுமே மிஞ்சியது. அது முன்பைவிட ஆபத்தானது. சுருள் தீர்ந்தபோது மேலே போகச் சொல்ல ஒரு சாக்கு இருந்தது. இன்று இன்னும் ஒரு நிமிடம் என்று சொல்லும் ஆசைக்குத் தடை இல்லை.

கடைசியாக, நான் இந்த உரைக்கு ஒப்புக்கொண்டதன் காரணம்.

தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள் இன்று படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு, நீண்ட குழாயில் வரும் காற்றைச் சுவாசித்தபடி இறங்குகிறார்கள். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் கடலட்டைக்காகச் சிலிண்டரோடு இறங்குகிறார்கள். கூஸ்தோவின் கருவி அவர்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஹால்டேனின் அட்டவணை பலருக்கு வந்து சேரவில்லை. நாளுக்குப் பல முழுக்கு, நேரே ஏறல், இரவில் மூட்டுவலி, காலையில் மரத்த கால். கைகால் முடங்கி வீட்டோடு கிடப்பவர்கள் அந்தக் கரைகளில் இருக்கிறார்கள். முத்துக்குளித்த முப்பாட்டனுக்கு இந்த நோய் அரிது. அவர் இழுத்தது ஒரே மூச்சு, அதுவும் மேற்பரப்புக் காற்று. பேரனுக்கு வந்தது கருவி கொடுத்த நோய்.

இதற்கு முதலுதவி எளிது. படுக்க வையுங்கள். சுத்த ஆக்சிஜன் கொடுங்கள். தாமதிக்காமல் அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நீரில் மறுபடி இறக்கிச் சரிசெய்ய முயலாதீர்கள். விடுமுறைக்கு மாலத்தீவுக்கும் தாய்லாந்துக்கும் போய்ச் சிலிண்டரோடு இறங்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: கடைசி முழுக்குக்குப் பிறகு ஒரு முழுநாள் கழித்து விமானம் ஏறுங்கள். அங்கே காற்றழுத்தம் இன்னும் குறையும்.

கடல் படங்களின் தொகுப்பு மேசையில் ஒரு காட்சி எப்போதும் வெட்டப்படுகிறது. முழுக்கு முடிந்தபின், மேற்பரப்புக்கு 5 மீட்டர் கீழே, கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் காட்சி. அங்கே மீன் இல்லை, பவளம் இல்லை, கதை இல்லை. மூன்று நிமிடம், சில சமயம் ஒரு மணி நேரம். யோனா மீன் வயிற்றில் மூன்று நாள் இருந்தார் என்று ஞாயிறு பள்ளியில் கதை கேட்டு வளர்ந்தவள் நான். ஆழத்துக்குப் போனவர் காத்திருந்துதான் கரையேற வேண்டும் என்பது எனக்குப் புதிதல்ல. ஆடுகளும் பாலத் தொழிலாளர்களும் ஃபார்க்கும் நமக்கு விட்டுச்சென்றது அந்தக் காத்திருப்பைத்தான். திரையில் வரும் எல்லா நிமிடங்களையும் சாத்தியமாக்கியது, திரையில் வராத அந்த நிமிடங்கள். நம் கரையின் சங்குகுளித் தொழிலாளிக்கும் அந்த நிமிடங்கள் கிடைக்க வேண்டும்.

கேள்விகள் இருந்தால் அரட்டைப் பெட்டியில் எழுதுங்கள்.